புளியமரத்தில் நின்றுபோன கால்

அன்பு மகன் கலையரசனுக்கு அம்மா மாரக்காள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் மாரியம்மன் புண்ணியத்தில் சௌக்கியம். கடல் தாண்டி இருக்கிற நீ வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி எதுவும் கிட்டே வராமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். நேற்றுத்தானே போனில் பேசினோம், இப்போது என்ன கடுதாசி என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுகிறார், தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் நம் வீட்டுச் சேதி தெரிந்துவிடுகிறது. அதனால்தான் லீவு முடிந்து சிங்கப்பூர் திரும்புகிற உன் ரூம்காரன் அறிவுமதி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே.

கெங்கவல்லியில் கட்டிக்கொடுத்த உன் அக்கா மோனிஷாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, முகம் நன்றாகத் தெளிந்திருக்கிறது. அந்தப் பக்கத்துப் பேச்சு அவளுக்கு நன்றாக ஒட்டிக்கொண்டது, போனை எடுத்தால் என்னிடமே இன்னாம்மா என்கிறாள், எனக்கு யாரோ வேற்று வீட்டுப் பெண் பேசுவது போல இருக்கிறது. அப்பாவுக்கு முட்டிவலி குறைந்தபாடில்லை. பெரிய மரம் ஏறுவதில்லை, லிப்ட் வண்டி வைத்திருப்பவரோடு போய் அதன் தொட்டியில் நின்றபடியே கிளை அறுக்கிறார். சாயங்காலம் வந்து மரம் அறுக்கிற மிஷின் செயினை அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டுகிறார், அந்தக் கிறீச் சத்தத்தில் எனக்கு டிவியில் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நீ அனுப்பிய முட்டி உறையைப் போடச் சொன்னால் எனக்கென்ன கிழவனா என்று கோபம் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அறிவுமதியைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன், அப்பா வேலைக்குப் போயிருந்தார். கோழிக்குழம்பை ஊற்றிவிட்டு என் பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன், அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் விடாமல் பிடுங்கியதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், அவனைத் திட்டாதே. ரோட்டோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் நீ அறுத்த கிளை கயிற்றில் சுழன்று வந்து உன் ஹெல்மெட்டை உரசிக்கொண்டு போனதாம். அதற்குப் பிறகு நீ இறங்கவும் முடியாமல் மேலேயே மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாயாம், லிப்ட் கொண்டுவந்து இறக்கினார்களாம். அன்றிலிருந்து நீ ஏறுவதில்லை, கீழே நின்று கிளை அரைக்கும் மிஷினுக்குள் தழையைத் தள்ளுகிறாயாம். ஆனால் அப்பாவிடம் மட்டும் இன்றைக்கு அந்த மரம் ஏறினேன், இந்த மரம் ஏறினேன் என்று கதை சொல்கிறாய். அவரும் அதை டீக்கடையில் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லி மீசையைத் தடவிக்கொள்கிறார். இது கூடப் பரவாயில்லை. சூப்பர்வைசர் மறுபடி ஏறச் சொல்லி நெருக்குகிறார் என்றும், "பயந்துட்டேன்னு எங்கப்பனுக்குத் தெரியறதுக்குப் பதிலா ஏறி உழுந்தாலும் தேவலைடா" என்று நீ சொன்னாய் என்றும் அறிவுமதி சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை சாமி. நீ அடுத்து மரம் ஏறுவதற்குள் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்றுதான் அவசரம் அவசரமாக எழுதுகிறேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மரத்துக்குக் கிளை கழிக்கப் போன நாட்களை இப்போது நினைத்தாலும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. டிவிஎஸ் வண்டியில் அரிவாளும் கோடாலியும் சாக்கில் சுற்றி முன்னால் இருக்கும், பின்னால் கயிற்றுச் சுருளோடு நான், என் மடியில் நீ. கிளை விழாத தூரத்தில் ஒரு வேம்பைப் பார்த்து உனக்குத் தொட்டில் கட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. அப்பா உடனே ஏறிவிட மாட்டார். அண்ணாந்தபடியே மரத்தைச் சுற்றி வருவார், பொந்து இருக்கிறதா, குளவி கட்டியிருக்கிறதா, கனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். கிளையை மேலிருந்து அறுப்பதற்கு முன்னால் அடியில் கொஞ்சம் அறுத்துக்கொள்வார், இல்லாவிட்டால் பாதியிலேயே முறிந்து பட்டையை உரித்துக்கொண்டு ஆள்மேலேயே வரும். கிளைக்கு ஒரு கயிறு, ஆளுக்கு ஒரு கயிறு. கிளைக் கயிற்றைப் பக்கத்து மரத்தில் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு யார் வேண்டுமானாலும் நிற்கலாம். அவர் இடுப்புக் கயிறு மேலே ஒரு கவட்டையில் மாட்டி என் கைக்குத்தான் வரும், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். ஒரு இழு இழுத்தால் நில்லு, இரண்டு இழுத்தால் விடு. கழுத்து கடுக்க நாள் முழுக்க மேலேயே பார்த்துக்கொண்டு நிற்பேன், அவர் புளியங்கொழுந்தைக் கிள்ளி என் தலைமேல் போடுவார். கட்டிக்கொண்ட புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. சாப்பாட்டு வேளையில் அறுத்த புளியங்கட்டையின் வாசத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட தயிர்ச்சோறு போல் இன்றைக்கு எதுவும் ருசிக்கவில்லை.

பள்ளிபாளையத்தில் ஒரு தறிக்கூடத்துக்குப் பின்னால் வரிசையாக நின்ற புளியமரங்களைக் கழிக்கப் போயிருந்தபோது நீ தொட்டிலை விட்டு நடக்கத் தொடங்கியிருந்தாய். மூன்று மரத்தில் மூன்று பேர் ஏறியிருந்தார்கள், மூன்று பேருக்கும் அவரவர் பெண்டாட்டிதான் கீழே. திடீரென்று ஒரு காற்று அடித்தது, அப்பா அறுத்த கிளை நேராக விழாமல் சுழன்று வந்து அவர் தலைக்குப் பக்கத்தில் மரத்தில் மோதியது. மரமே அதிர்ந்தது. அவர் மேல் படவில்லை, கையை ஆட்டிக் காட்டினார், எனக்கு உயிர் வந்தது. பிறகு அடுத்த கவட்டைக்கு மாறுவதற்காக இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். மாறும்போது அவிழ்த்துத்தான் மறுபடி கட்ட வேண்டும், அந்தக் கொஞ்ச நேரம் என் கையில் வெறும் கயிறுதான் இருக்கும். அன்றைக்கு அந்தக் கொஞ்ச நேரம் முடியவே இல்லை. கயிறு ஒரு பக்கம் தொங்குகிறது, அவர் மரத்தைக் கட்டிப் பிடித்து நிற்கிறார், முகம் மரத்தோடு மரமாக ஒட்டியிருக்கிறது. இழுத்துச் சொல்லவும் வழியில்லை. ஏனுங்க என்று கத்தினேன். மற்ற இரண்டு மரத்திலிருந்தும் "ஏம்புள்ள" என்று பதில் வந்தது, என் மரத்திலிருந்து மட்டும் வரவில்லை. மறுபடி ஏனுங்க ஏனுங்க என்றேன், மறுபடியும் அந்த இரண்டு பேருமே கேட்கிறார்கள். எல்லாப் பெண்டாட்டியும் புருஷனை ஏனுங்க என்றால் மரத்தில் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும். எனக்கு வெறி வந்துவிட்டது. "ஏய் கந்தவேலு! கயித்தக் கட்டிக்கிட்டு எறங்கு!" என்று ஊருக்கே கேட்கக் கத்திவிட்டேன்.

தறிக்கூடத்துக்குள் இருந்தவர்களெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். புருஷன் பெயரை ஒரு பொம்பளை வாயால், அதுவும் ஏய் போட்டு, அந்தக் காலத்தில் யார் கேட்டார்கள். அப்பா தலையைத் திருப்பிக் கீழே பார்த்தார். "பேரைச் சொல்லிப்போட்டியே புள்ள" என்று சிரித்துக்கொண்டே கயிற்றைக் கட்டி இறங்கி வந்தார். அந்த வருஷம் முழுக்க, அன்றைக்குப் பக்கத்து மரத்தில் ஏறியிருந்த கருப்பண்ணன் மாமா வீட்டுக்காரி என்னைப் பார்க்கும்போதெல்லாம் எங்கே, ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டு என்று கேலி செய்தாள். அப்பா அதற்குப் பிறகு ஆடியில் விட்டவர் கார்த்திகை வரைக்கும் ஏறவில்லை. கீழே நின்று கட்டை துண்டு போட்டார், லாரிக்கு ஏற்றினார், மற்றவர்களுக்குக் கயிறு பிடித்தார். ஏன் ஏறவில்லை என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒருநாள் அவராகவே ஒரு சின்ன மரத்தில் ஏறினார், அவ்வளவுதான். நீயும் அப்படி ஏற வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. மனசு வந்தால் ஏறு, வராவிட்டால் தழை தள்ளு, அதுவும் பிடிக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு, இங்கே ஒரு வாய் சோறு இல்லாமல் போய்விடாது. கீழே நிற்பது கேவலம் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. கீழே நிற்பது வேலை இல்லை என்றால் இத்தனை வருஷம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பயந்த காலோடு ஏறச் சொல்ல அந்தச் சூப்பர்வைசரா உன்னைப் பெற்றான், நான் பெற்றேன். என் பிள்ளை எனக்கு முழுசாக வேண்டும்.

இதுவரை எழுதிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் உன் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இந்தக் கடுதாசியைக் கையில் வைத்திருக்கிறார். நமக்கு இன்றைக்குப் பூசை என்று நினைத்தேன், உனக்கும் எனக்கும் சேர்த்து. கடைசி வரி வரைக்கும் படித்தார், மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். பிறகு சொன்னார், "எறங்கறப்பத்தான் சிரிச்சேன் புள்ள. மேல நிக்கறப்ப அழுதுக்கிட்டு நின்னேன். நீ கீழ நின்னே, உனக்குத் தெரியல. அதையும் பையனுக்கு எழுதிப்போடு." எழுதிவிட்டேன் சாமி.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிவிட்டு அப்பாவிடம் தனியாகப் பேசு, மறந்துவிடாதே. அறிவுமதியிடம் பருப்புப்பொடியும் எள்ளுருண்டையும் கொடுத்திருக்கிறேன், ரூமில் எல்லோருக்கும் கொடு. மாரியம்மன் உன் கால் வைக்கும் இடமெல்லாம் துணை நிற்கட்டும், கண்ணு நிறைய, மனசு நிறைய, நன்றாக இரு.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
மாரக்காள்