அலமாரி ஃபேக்டரியைப் போய்ப் பார்த்தேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது, இருந்தாலும் சொன்னதை நம்பி மேலே எழுதுகிறேன். அன்றைக்கு நீ கேட்டபோது நம் ஹார்டுவேர் கடையில் பிளம்பர் நின்றுகொண்டிருந்தார், அவர் காது நம் குழாயைவிட நீளம், அதனால்தான் பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நீ கேட்டது சின்ன விஷயம் இல்லை. அங்கே உன் கம்பெனி புதிதாகத் தொடங்கும் ஃபேக்டரியில் எந்த மெஷின் எங்கே, யார் எங்கே நிற்பது என்று முழுத் திட்டமும் போடும் பொறுப்பை உனக்குக் கொடுக்கிறார்கள், அதை விட்டுவிட்டு இங்கே நம் ஊர் அலமாரி ஃபேக்டரியில் சேர்ந்துவிடட்டுமா என்கிறாய். காரணம், நான் தனியாக இருக்கிறேனாம்.

தனியாகத்தான் இருக்கிறேன், மறைத்து எனக்கென்ன லாபம். போன லீவில் நீ கடையை மாற்றி வைத்தாயே, அடிக்கடி போகும் ஆணியும் திருகும் கைக்கெட்டும் இடத்தில், எப்போதாவது போகும் சாமான் மாடியில் என்று, அது அருமையாக வேலை செய்கிறது. முன்பெல்லாம் ஒரு கொக்கி தேடக் கடை முழுக்கச் சுற்ற வேண்டும், அதற்குள் வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து மாமியார் கதை வரை சொல்லி முடித்துவிடுவார். இப்போது வந்த வேகத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். வியாபாரம் கூடியிருக்கிறது, பேச்சு குறைந்திருக்கிறது. சரக்கு எடுத்துக் கொடுக்கிறவர், "பாப்பா என் காலுக்கு லீவு குடுத்தது சரிக்கா, வாய்க்கும் சேத்து ஏன் குடுத்துச்சு?" என்கிறார். வீட்டிலும் அப்படித்தான், அப்பா போனபின் ஒருத்திக்கு மட்டும் ஆக்கக் கை இன்னும் பழகவில்லை, இரண்டு பேருக்கு ஆக்கிவிட்டு மறுநாளும் அதையே சாப்பிடுகிறேன்.

ஆனால் சரக்கைப் பார்க்காமல் விலை பேசுகிறவள் இல்லை நான். புதுக் கீல் காட்டுகிற சாக்கில் அந்த ஃபேக்டரிக்கு நானே போனேன். அறுத்த பலகை ஒரு பக்கம் மலையாகக் குவிந்து கிடக்கிறது, இன்னொரு பக்கம் பெயிண்ட் அடிக்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், நடுவே பாதி முடிந்த அலமாரிகள், நடக்க வழியில்லை. நீ பார்த்திருந்தால் அங்கேயே துள்ளியிருப்பாய். என் பெண் வந்தால் இதையெல்லாம் மாற்ற விடுவீர்களா என்று முதலாளியிடம் மெல்லக் கேட்டேன். சிரித்தார். "எதுக்குக்கா மாத்தணும்? எங்கப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான் ஓடுது. பெரிய கம்பெனிக்காரங்க ஆர்டர் குடுக்க வந்தா இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர் இருக்காங்களான்னு கேக்குறாங்க. பாப்பா ஏசி ரூம்ல உட்காரட்டும், யாரு லேட்டா வர்றாங்கன்னு பாத்துக்கட்டும், போதும்" என்றார். நல்ல மனுஷர்தான், மரியாதையாக ஜூஸ் கொடுத்து அனுப்பினார். ஆனால் அவருக்கு வேண்டியது துணிக்கடை வாசலில் நிறுத்துகிற பொம்மை, நீ இல்லை.

ஒரு இடத்தில் வேலை நின்றால் ஏன் நிற்கிறது என்று நோண்டிப் பார்க்காமல் உன்னால் இருக்க முடியாது. அந்த ஏசி அறையில் நீ துருப்பிடித்துப் போவாய். சாயங்காலம் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவாய், நான் எதிரில் உட்காருவேன், இரண்டு பேரும் சேர்ந்து தனியாக இருப்போம். அதற்கு நான் ஒருத்தி மட்டும் தனியாக இருப்பது சிக்கனம்.

அதனால் அங்கேயே சரி என்று சொல்லிவிடு. மெஷின் சத்தத்தில் நிற்கும்போது காதை அடைத்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. மேனேஜர் உன் திட்டத்தைத் தன்னுடையது என்று சொன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்காதே, சிரித்துக்கொண்டே எல்லார் முன்னாலும் திருத்து.

தொட்டதெல்லாம் துலங்க, தலை நிமிர்ந்து நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. இதைப் படித்துவிட்டு மனசு கேட்காமல் நீ டிக்கெட் எடுத்தாலும் எடுப்பாய். எடுத்தால் திரும்பிப் போகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடு. நீ பெட்டியோடு வந்து வாசலில் நின்றுவிட்டால், போ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இப்படிக்கு,
அம்மா