அண்ணியின் மஞ்சள் வயர்

அண்ணி,

நேற்று மீட்டர் மாற்ற வந்தவர், சமையலறை வென்டிலேட்டரில் தொங்கிய மஞ்சள் வயரைப் பார்த்துவிட்டு, கழற்றி எறியட்டுமா என்று கேட்டார். வயரின் பிளக் என் பக்கம், பல்பு உங்கள் பக்கம். பிளக்கில் உங்கள் தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது. இருக்கட்டும் என்றேன்.

கரண்ட் விலை ஏறத் தொடங்கிய வருடங்கள் அவை. நகரியில் தறி வைத்திருந்தவர்கள் பில்லைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று புலம்பினார்கள். நகரி ஆந்திராவில் இருப்பதால் பில் தெலுங்கில் வரும். திருத்தணிப் பக்கத்திலிருந்து வாழ வந்த உங்களுக்கு அதைப் படித்துச் சொல்வது என் வேலை. அப்போது நான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எனக்கு முன்னால் துறைத்தலைவர் ஆனது பிறகு.

முதல் யூனிட்டுகள் மலிவு, ஓர் அளவைத் தாண்டினால் அடுத்தவற்றுக்கு விலை அதிகம், அதையும் தாண்டினால் இன்னும் அதிகம் என்று விளக்கினேன். நீங்கள் முறத்தைக் கீழே வைத்தீர்கள்.

"நெறைய வாங்குனா கொறச்சிதான தம்பி குடுப்பாங்க? இவங்க இன்னா, ஏத்திகினே போறாங்க? புத்தூரு சந்தைல இப்டி வித்தா கூடைய புடிங்கி அடிப்பாங்க."

கொஞ்சமாக எரிப்பவருக்கு மலிவாகக் கொடுக்க, நிறைய எரிப்பவரிடம் கூடுதலாக வாங்குகிறார்கள் என்றேன். ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பம் என்பதால் நாம் மேல் விலையில் மாட்டிக்கொள்கிறோம், என் பெயரில் இன்னொரு மீட்டர் வாங்கினால் இரண்டு பேரும் கீழே இருக்கலாம் என்றும் சொன்னேன். அண்ணன் அந்த யோசனையை மெச்சினார். அதை அவர் மறந்திருப்பார், நான் மறக்கவில்லை.

தனி மீட்டருக்குத் தனி வாசலும் தனிச் சமையலறையும் வேண்டும் என்று கரண்ட் ஆபீஸில் சொன்னார்கள். நடுவில் சுவர் எழுந்தது. குழம்புக் கிண்ணம் நுழைய வழி விடச் சொல்லி நீங்கள் கொத்தனாரோடு மல்லுக்கட்டினீர்கள். பார்க்க வருபவர்கள் சந்தேகப்படுவார்கள் என்று அவர் உயரத்தில் ஒரு வென்டிலேட்டர் மட்டும் வைத்தார். அதிகாரி வந்த அன்று இரண்டு அடுப்பிலும் பால் காய்ச்சி, இரண்டு பக்கமும் அவருக்குக் காப்பி கொடுத்தீர்கள்.

"ஒக இல்லா, ரெண்டு இள்ளா அம்மா?" என்றார் அவர். ஒரே வீடா, இரண்டா என்று.

"உங்களுக்கு ரெண்டு சார். எங்களுக்கு ஒண்ணுதான்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

உங்கள் மகனை அமெரிக்கா அனுப்பிய வருடம், விலை கூடிய ரோட்டுப் பக்கத்துப் பாதியைத் தன் பெயருக்கு எழுதச் சொல்லி அண்ணன் உறவுக்காரர்களைக் கூடத்தில் கூட்டினார். "ரெண்டு மீட்டரு, ரெண்டு அடுப்பு. பாகம் அப்பவே பிரிஞ்சிபோச்சே" என்றார். நீங்கள் மட்டும் கதவோரம் வந்து நின்று, "அது கரண்டுக்குப் பிரிச்சதுங்க" என்றீர்கள். உள்ளே போகச் சொன்னார்கள், போய்விட்டீர்கள். அந்தக் கூடத்தில் எனக்காகச் சொல்லப்பட்டது அந்த ஒரு வாக்கியம்தான். ரோட்டுப் பக்கம் அவருக்குப் போயிற்று. அன்றோடு நானும் அவரும் பேச்சை நிறுத்தினோம்.

இரண்டு மீட்டருக்கும் லைன் வேறு வேறு ஃபேஸிலிருந்து வந்ததால், ஒரு பக்கம் இருண்டாலும் மறுபக்கம் எரியும். சண்டைக்குப் பிறகு வந்த கோடையில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கம் கரண்ட் போனது. தலைக்கு மேல் ஏதோ உரசும் சத்தம். "தம்பி, பல்ப புடி" என்றது உங்கள் குரல். ஒரு முனையில் பிளக், மறுமுனையில் பல்பு. கரண்ட் உள்ள பக்கம் பிளக், இல்லாத பக்கம் பல்பு. வேறு பேச்சே கிடையாது. அண்ணனுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கும். அவர் பக்கம் இருண்டபோது என் கரண்ட்டில் உட்கார்ந்துதானே சாப்பிட்டார்.

இப்போது பில்லில் புதிதாக ஒரு கட்டணம் வருகிறது, அண்ணி. என்றைக்கோ எரித்த கரண்ட்டுக்கு அன்று வாங்கிய விலை போதவில்லையாம், இன்று சேர்த்து வசூலிக்கிறார்கள். ஊரே திட்டுகிறது. எனக்கு அதில் பெரிய தவறு தெரியவில்லை. "பழச மறக்காத உனக்கேத்த பில்லு தம்பி" என்று சிரித்திருப்பீர்கள்.

மீட்டர்காரர் போன பிறகு, நேற்று பொழுது சாய்ந்ததும் அந்தப் பக்கம் கரண்ட் போனது. மகன் அமெரிக்காவில், நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அண்ணன் பாத்திரத்தில் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் எதையும் மன்னிக்கவில்லை, அந்தக் கூடத்தில் சொன்னது சொன்னதுதான். ஆனால் உங்கள் சமையலறையில் ஒருவர் இருட்டில் தட்டுத் தேடுவதைக் கேட்டுக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பிளக்கைச் சொருகிவிட்டு மிச்ச வயரை உள்ளே தள்ளினேன்.

"அண்ணா, பல்ப புடிங்க."

வயர் என் கையிலிருந்து மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது.