சத்யபாமா அனுப்பிய கடுக்காய்

நாகபுரி,
2-3-1936

சௌபாக்கியவதி சத்யபாமாவுக்கு ஆசீர்வாதம். இங்கே நான் க்ஷேமம். ஸ்ரீரங்கத்தில் அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

என் மலச்சிக்கலை நினைத்துக் கவலைப்படாதே. ரொட்டியைக் குறைத்து, கீரையும் மோருமாகச் சாப்பிடுகிறேன். குடலில் கோளாறு இல்லை, தனியே கிடந்து கவலைப்படுவதால்தான் கட்டிக்கொள்கிறது என்றார் டாக்டர். நீ அனுப்பிய பொடியை வெந்நீரில் கலந்து சாப்பிட்டால் மறுநாள் சௌகரியமாக இருக்கிறது.

நேற்று ஒரு வேடிக்கை. என் அறையில் தங்கியிருக்கும் தேசிகன் பொடி டப்பாவைப் பார்த்து என்னவென்று கேட்டார்.

"ஆம்படையா கடுக்காய் கொடுத்திருக்கா" என்றேன்.

"அதான் இங்கே தனியாக் கிடக்கறீரா ஓய்?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

பொடி தீரப்போகிறது. தபாலில் அனுப்பாதே. பங்குனி உத்திரத்தில் பெருமாள், தாயார் சேர்த்தி சேவித்த கையோடு நீயே எடுத்துக்கொண்டு வா. தபால்காரன் பெட்டியைத் திறக்கும் நேரமாகிவிட்டது. போன வருஷம் மாதிரி கடுக்காய் கொடுத்துவிடாதே.

சேஷு