பதினான்காவது ஜெராக்ஸ்

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்றும் விசில் சரியாக வரவில்லை. எங்கள் கல்லூரிக் கோச் ஜெரால்ட் சார் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினார். "இன்னாமா உதயா, விசில் ஊதுறியா, டீய ஊதிக் குடிக்கிறியா?" பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவள் ஆன்சி.

கல்லூரி அடையாள அட்டையில் 'விளையாட்டு மேலாண்மை மற்றும் பயிற்சி' என்று போட்டிருக்கிறது. பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டவளுக்கும் சமுதாயக் கல்லூரியில் இடம் தருகிறார்கள். ஏன் தருகிறார்கள்? யாரும் சும்மா எதையும் தரமாட்டார்கள். காலையில் வகுப்பு. மாலையில் ராயபுரம் மைதானத்தில் இந்தப் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி. வருகைப் பதிவேடு என் பொறுப்பு.

வருகை: பதினான்கு.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அக்டோபர் 5 போட்டி. பதிமூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும். அணியின் ஃபைலைத் தயார் செய்வதுதான் எனக்குச் செய்முறைத் தேர்வு. ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் ஜெராக்ஸ் வாங்கி, பெயர் வரிசையில் அடுக்கி, ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பதிமூன்று வந்துவிட்டது. ஆன்சியுடையது இல்லை.

சார் முன்னால் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள், "ஆன்சியோடது என்னாண்ட கீது. நான் வச்சுக்கிறேன், நீ விடு" என்றார்.

எதற்கு விடவேண்டும்? பதிமூன்று என் கைக்கு வரலாம், ஒன்று மட்டும் வரக்கூடாதா?

அவள் மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். அவள் உதைத்தால் கோல்கீப்பர் பந்தை விட்டு ஒதுங்கிக்கொள்கிறாள். பன்னிரண்டு வயதாம்.

செப்டம்பர் 8, திங்கள்

ஆன்சியின் அம்மா ஞானம் அக்கா காசிமேட்டில் மீன் விற்கிறார். வியாபாரம் முடிந்ததும் மைதானத்துக்கு வந்து, கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இன்று பக்கத்தில் இருந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "சுனாமி வந்து அஞ்சாம் வருசம் ஆன்சி பொறந்தா. ஆஸ்பத்திரில கரண்டு இல்ல. ஒரே பேஜாரு."

நான் இரண்டடி தள்ளிப் பயிற்சிக் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சுனாமி 2004. அஞ்சு கூட்டினால் 2009. பதினாறு வயது!

அடுக்கிய கூம்புகளைத் தட்டிவிட்டேன். பயத்தில் என்று எழுதத்தான் ஆசை. சந்தோஷத்தில்தான்.

செப்டம்பர் 13, சனி

என் வகுப்பு ஜூடியும் ஆன்சி வீட்டாரும் போவது ஒரே கோயில். "ஞானஸ்நான ரிஜிஸ்தர்ல பொறந்த தேதி இருக்கும்டி. அதுல யாரும் பொய் சொல்லமாட்டாங்க" என்றாள். ஜூடியின் அக்காவுடைய தேதி வேண்டும் என்று கோயில் ஆபீஸில் கேட்டு 2009 புத்தகத்தை வாங்கினோம்.

பக்கம் 61. ஆன்சி. தந்தை கஸ்பார். தாய் ஞானம்.

"போதும்டி, மூடு. ஆபீஸ் அண்ணன் பாக்குறாரு" என்றாள் ஜூடி. மூடிவிட்டேன். அலமாரியில் மற்ற வருடங்களும் வரிசையாக இருந்தன. அவை எதற்கு? தேடியதுதான் கிடைத்துவிட்டதே.

செப்டம்பர் 20, சனி

ஒரு வாரமாக யாரிடமும் சொல்லவில்லை. சாரிடம் எப்படிச் சொல்வது? மறைப்பவரே அவர்தானே.

சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? காலாண்டுத் தேர்வில் என் பெஞ்சுக்கு அடியில் கிடந்த பிட் என்னுடையது இல்லை. எல்லோர் முன்னாலும் துப்பட்டாவை உதறச் சொன்னார்கள். சாக்ஸைக் கழற்றச் சொன்னார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை.

ஆனால் இது வேறு. அங்கே ஆதாரம் இல்லை. இங்கே பக்க எண்ணே இருக்கிறது. ஆன்சி ஆடுவதால் அணியிலேயே சின்னவளான ராஜாத்தி வெளியே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்காக யார் கேட்பது?

செப்டம்பர் 24, புதன்

போட்டிக் கமிட்டிக்குக் கடிதம் போட்டாயிற்று. பெயர் எழுதவில்லை. இடது கையால் எழுதினேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

எழுத முடியவில்லை. எழுதியே ஆகவேண்டும்.

பிள்ளைகள் ஜெர்சி போட்டு வரிசையில் நின்றார்கள். கமிட்டி ஆள் ஒருவர் ஆன்சியை மட்டும் முன்னால் கூப்பிட்டார். "வாயத் தொற. கடவாப் பல்லு எத்தினி மொளச்சிருக்குன்னு பாத்தா வயசு தெரிஞ்சிடும்."

ஜெரால்ட் சார் ஓடி வந்தார். "ஃபைல்ல சர்டிபிகேட் கீதுபா!"

"பேப்பர்ல இன்னா வேணா அடிக்கலாம் சார். கோயில் ரிஜிஸ்தர்ல வேற வருசம் கீதாம்."

ஆன்சி வாயைத் திறந்தாள். அந்த ஆள் செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார், மாட்டுக்குப் பார்ப்பதுபோல. சுற்றிலும் எத்தனை பேர்! அவள் அழவில்லை. வாயைத் திறந்தபடியே கண்ணை மட்டும் உருட்டி எங்களைப் பார்த்தாள்.

என் சாக்ஸ். எனக்கு என் சாக்ஸ்தான் ஞாபகம் வந்தது.

அவளை ஆட விடவில்லை. அவள் இடத்தில் ராஜாத்தி இறங்கினாள், அழுதுகொண்டே ஆடினாள். நாலு கோலில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்த பிறகு ஞானம் அக்கா வந்தார். பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கமிட்டி மேஜைமேல் வைத்தார். இறப்புச் சான்றிதழ். ஆன்சி, வயது இரண்டு, 2011.

"மொத பொண்ணு. காய்ச்சல்ல போய்ட்டா. அடுத்து இவ பொறந்தா. அவ பேரையே வச்சோம். எங்காளுங்க வெப்பாங்க. ரெண்டு பேரு பேப்பரும் ஒரே கவர்ல கீது, அதான் பசங்க கையில குடுக்காம சாராண்ட குடுத்தேன். போதுமா? இன்னும் எவ வாயத் தொறக்கணும்?"

கமிட்டி ஆள் தலையைக் குனிந்துகொண்டார். நான் தண்ணீர்க் கேனுக்குப் பின்னால் நின்றேன்.

2013 புத்தகமும் அந்த அலமாரியில்தான் இருந்திருக்கும். கை நீட்டினால் எட்டும் தூரம். நான் இன்னா பண்ணிட்டேன். இன்னா பண்ணிட்டேன் நான்.

அக்டோபர் 6, திங்கள்

வருகை: பதிமூன்று.

அக்டோபர் 9, வியாழன்

பதிமூன்று. சாரிடம் சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றார். "கமிட்டில அந்தக் கடுதாசியக் காட்டுனாங்க. பக்க நம்பர் போட்டு, ஓரத்துல செகப்புக் கோடு போட்டு எவன் மொட்டக் கடுதாசி எழுதுவான்? உன் ஃபைல்தான் அப்டி இருக்கும்."

கல்லூரியிலிருந்து நீக்கிவிடுவார் என்று காத்திருந்தேன். வலையைச் சுருட்டிக்கொண்டே, "என்னாண்ட சொல்லி இன்னா புண்ணியம்? அந்தம்மாவாண்ட போய்ச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 11, சனி

விடியற்காலையில் ஷேர் ஆட்டோ பிடித்துக் காசிமேடு. ஏலச் சத்தம் காதை அடைத்தது. ஞானம் அக்காவின் கூடை முன்னால் அரைமணி நேரம் நின்றேன். மீன் வாங்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். "இன்னாமா, வாங்குறியா, மீனுக்குக் காவலா?"

சொன்னேன். என் காதுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

மீன் வெட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "எத்தினி நாளு என் பக்கத்துலயே நின்ன. ஒரு வார்த்த கேட்ருந்தா நானே சொல்லிருப்பேனே."

மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். "எனக்கு இன்னாத்துக்கு அது? பல்லக் காட்டினது அவ. அவளாண்ட கேளு. அவ ஊட்ட வுட்டே வெளிய வர்றதில்ல." அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

வீட்டுக்குப் போனேன். ஆன்சி கதவைத் திறக்கவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

பதிமூன்று. விசில் இப்போது நன்றாக வருகிறது. யாரும் சிரிப்பதில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். ஜூடியோடு காசிமேடு கல்லறைக்குப் போனேன். எங்கே பார்த்தாலும் சாமந்தியும் மெழுகுவர்த்தியும். ஓர் ஓரத்தில் ஆன்சி உட்கார்ந்து ஒரு சின்னச் சிலுவையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் பெயர். வருடா வருடம் தன் பெயரைத் தானே துடைக்கிறாள்.

நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாக்கா, இவளுக்கும் பல்லு எண்ணணுமா?"

அந்தக் கடிதம் என்னுடையது என்று சொன்னேன். "அம்மா சொல்லிச்சு" என்றாள். நான் செய்தது தப்பு என்றேன். துணியைப் பிழிந்து மறுபடியும் துடைத்தாள். காற்றில் மெழுகுவர்த்தி அணையப் பார்த்தது. இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டேன். வருவாளா, மாட்டாளா? சாருக்காக வருவாளா? என்னைக் கண்டால் திரும்பிப் போய்விடுவாளா? எப்போதும்போல உள்ளுக்குள்ளேயே ஓடியது. பிறகு கேட்டேன்.

"நாளைக்கி பிராக்டிஸுக்கு வருவியா?"

"கேக்கல."

"நாளைக்கி வருவியா?"

"சத்தமா கேளு."

கத்தினேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆன்சி வாயைப் பெரிதாகத் திறந்து எல்லாப் பல்லையும் காட்டினாள்.

நவம்பர் 3, திங்கள்

வருகை: பதினான்கு.