அப்பாவுக்கும் அகராதிக்கும் நடுவே பன்னிரண்டு அடி

அன்பு மகளுக்கு,

சலவைக்கடைச் சக்கரவர்த்தியும் உன் அப்பாவின் ஒரே தம்பியுமான சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் என் தொப்பையும் சௌக்கியம், அங்கே உன் சௌக்கியத்துக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று இங்கிருந்தே உத்தரவு போடுகிறேன்.

நீ போனில் அழுததை அண்ணி சொன்னார். இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஆறு வாரமாகியும் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாரே, அப்பா இப்படியே படுத்துவிடுவாரோ என்றாயாம். எனக்கும் அதே பயம்தான். பிசியோதெரபி பெண் கெஞ்சினாள், டாக்டர் மிரட்டினார், மனுஷர் அசைந்தால்தானே, விழுந்துடுவேன் என்று ஒரே பிடிவாதம். போன திங்கள்கிழமை புது வாஷிங் மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். துணி போடாமல் முதலில் ஒரு தடவை 'ரன்' பண்ணவும் என்று போட்டிருக்கிறதே, இது எங்கே அண்ணா ஓடணும் என்று கேட்டேன். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர் இல்லையா, முகத்தில் உயிர் வந்தது. அடேய் மண்டு, குழாய்த் தண்ணி, சளி பிடிச்ச மூக்கு, உன் கடையில போற சட்டைச் சாயம், ஏன், நீ கடை நடத்துறதுகூட இங்கிலீஷ்காரங்களுக்கு ரன்தான்டா என்றார். யோசித்துப் பார், நமக்கும் வண்டி ஓடும், கடிகாரம் ஓடும், ஆனால் மூக்கு ஒழுகும், சாயம் போகும். அவர்கள் எல்லாவற்றையும் ஒரே சொல்லின் தலையில் கட்டிவிட்டார்கள்! தேர்தலில் நாம் நிற்கிறோம், அமெரிக்காக்காரர்கள் அதற்கும் ஓடுகிறார்களாம். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, நாலு தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் போய், எண்ணிப் பார்த்துட்டேன் அண்ணா, ரன்னுக்கு ஆறாயிரத்துப் பதினேழு அர்த்தம் என்றேன். உளறாதே, அகராதியை எடுத்துட்டு வா என்று கத்தினார். அது முன்னறை அலமாரியில், கட்டிலிலிருந்து பன்னிரண்டு அடி. எனக்குச் சட்டென்று முதுகு பிடித்துக்கொண்டது, அண்ணிக்கு அடுப்பில் வேலை வந்துவிட்டது. பத்து நிமிஷம் பல்லைக் கடித்தவர், வாக்கரைப் பிடித்து எழுந்தார் மகளே! இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு பூனை மாதிரி பின்னாலேயே போனேன். அலமாரியில் சாய்ந்து நின்று, விரல் வைத்து எண்ணி, என்னைப் புளுகன் என்று நிரூபித்துவிட்டுத்தான் திரும்பினார். நேற்று அந்த அகராதி எப்படியோ வாசல் மேஜைக்குப் போய்விட்டது. தூரத்தைப் பிசியோதெரபி பெண்ணிடம் கேட்டுத்தான் வைத்தேன், நீ பயப்படாதே.

நூறு வருஷம் உனக்குப் பத்தாது, இருநூறாக வாழ்ந்துவிட்டு வா. ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா உன்னைச் சாட்சிக்கு இழுப்பார், சித்தப்பா சொன்ன கணக்குதான் சரி என்று சாதித்துவிடு. உன்னைத் திட்டுவார். திட்டட்டும், நின்றுகொண்டுதான் திட்டுவார்.

இப்படிக்கு,
பொய்யே அறியாத உன் சித்தப்பா