ஞாயித்துக்கிழம சொன்ன சரி

பாக்கார் ஆராங்,
சுங்கைப் பட்டாணி,
வியாழக்கிழம.

அன்பு மக ஷாமளாவுக்கு அப்பா எழுதிக்கிறது. நீயும் மாப்பிள்ள சசிதரனும் பேத்தி கவிஷாவும் சின்னவன் ருவேனும் அந்தக் குளுருல ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும்னு முருகன கும்பிட்டுட்டுத்தான் பேனாவ எடுத்தேன். இங்க நா சொகம்னு போடணும், போட்டாச்சி. தோட்டத்து ஸ்கூல்ல நாலாங் கிளாஸோட வாத்தியாரு என்ன வெரட்டி விட்டது ஒனக்குத் தெரியும், அதனால எழுத்தெல்லாம் எடம் மாறி நிக்கும், நீதான் படிச்ச நர்ஸம்மா, பாத்து சரி பண்ணிக்க. போன்ல பேசாம எதுக்கு இந்தக் கெழவன் காயிதம் எழுதுறான்னு கேப்ப. போன்ல என் வாய என்னாலயே நம்ப முடியல, அதான். பக்கத்து வீட்டு உமாராணி இத போன்ல படம் புடிச்சி இன்னிக்கே ஒனக்கு அனுப்பறேன்னு சொல்லியிருக்கு. அது படிச்சிப் பாக்காம அனுப்பாது, படிக்கட்டும். உமாராணி, நீ குடுத்து விடற சாம்பாருல உப்பே இல்லம்மா, இத்தன நாளா சொல்ல வெக்கமா இருந்துச்சி.

அம்மா போயி வர்ற செவ்வாக்கிழமயோட நாலு மாசம். நீ எட்டு நாள் இருந்துட்டுப் போறப்ப ஏர்போட்டுல என்ன கட்டிக்கிட்டு அழுத, அப்பா எவ்ளோ தைரியமா நிக்கிறாருன்னு மாப்பிள்ளகிட்ட சொன்னியாம். தைரியமும் இல்ல ஒண்ணும் இல்ல. கால மடக்கி ரொம்ப நேரம் ஒக்காந்தா மரத்துப் போகுமே, கிள்ளினாக்கூட வேற ஆளு காலு மாதிரி இருக்குமே, அது மாதிரி எனக்கு மொத்தமா இருக்கு. அழுகையும் வரல, பசியும் வரல, கோவங்கூட வரல. காலையில கடைக்குப் போறேன், மீகூன் வாங்குறேன், திங்கிறேன், என்னா தின்னன்னு கேட்டா தெரியாது. யாரு என்ன கேட்டாலும் சரின்னு சொல்லிடறேன், அது வேலைய சீக்கிரம் முடிக்குது. தண்ணி பில்டர் விக்கிற பையன் வந்தான், சரின்னேன், மறு வாரம் வேற கம்பெனிக்காரன் வந்தான், அவனுக்கும் சரின்னேன், இப்ப கொசினியில அடுப்புக்குப் பக்கத்துல ரெண்டு பில்டர் மொறச்சிக்கிட்டு நிக்குது. உமாராணி ரெண்டு நாளைக்கு பூனைய பாத்துக்கங்க அங்கிள்னுச்சி, அது இங்கயே நாலு குட்டி போட்டாச்சி. போன வாரம் வீடியோல மீசைய காணோமேப்பான்னு சிரிச்சியே, அதுக்கு பதில் இப்ப சொல்றேன். முடி வெட்டற தம்பி ஊருலேருந்து புதுசா வந்தவன், மீசையும் எடுத்துடவாண்ணேன்னு கேட்டான். சரின்னேன். அம்பது வருஷத்து மீச. கண்ணாடிய பாத்தா யாரோ பாங்குல வேல பாக்குற ஆளு மாதிரி இருந்துச்சி, அப்பவும் எனக்கு ஒண்ணும் தோணல.

இந்த வாய வச்சிக்கிட்டுத்தான் ஞாயித்துக்கிழம ஒங்கிட்டயும் சரின்னு சொன்னேன். ருவேன பாத்துக்கிட்ட பொம்பள வேலைய விட்டு நின்னுட்டாங்க, ஒனக்கும் மாப்பிள்ளைக்கும் ஷிப்டு மாறி மாறி வருது, ஆஸ்பத்திரி கார் பார்க்குல நின்னு பிள்ளைய இந்தக் காடியிலேருந்து அந்தக் காடிக்கு மாத்திக்கிறீங்க, புருஷன் மொகத்த பொண்டாட்டி பாக்கறதே அந்த அஞ்சு நிமிஷந்தான்னு சொன்ன. எல்லாம் கேட்டேன். கவிஷாவ ரெண்டு வருஷம் இங்க விடறோம்ப்பா, தமிழ்ப்பள்ளிக்கூடத்துல ஒண்ணாங் கிளாஸ் சேத்துக்கங்க, தமிழும் வரும், ஒங்களுக்கும் தொணையா இருக்கும்னு சொன்ன. சரின்னேன். நீ ஒடனே அழுதுட்ட, தேங்ஸ்பா தேங்ஸ்பான்னு. நீ இப்படி அழ நா எத்தன பவுனு நக குடுத்துட்டேன்னு எனக்கு ஒண்ணும் புரியல. அப்பறம் நீ அடுப்புல ஏதோ கருகுதுன்னு ஓடிட்ட, கவிஷா போன்கிட்ட வந்துச்சி. தாத்தா, ஒங்க வீட்டுல நா எத்தன ராத்திரி தூங்கணும்னு கேட்டுச்சி. நா சும்மா வெளையாட்டுக்கு நூறுன்னேன். அது வெரல விட்டு எண்ண ஆரம்பிச்சிடிச்சி. பத்து வெரலும் முடிஞ்சதும் மறுபடி மொதல்லேருந்து, மறுபடி மொதல்லேருந்து. நீ திரும்பி வந்து போன எடுக்கற வரைக்கும் எண்ணிக்கிட்டே இருந்துச்சி, சிரிக்கவே இல்ல.

மறுநாளு ராக்காயி அத்த கோத்தா கோலா மூடாலேருந்து பஸ்ஸு ஏறி வந்துட்டா. நீ அவளுக்கும் போன் போட்டிருக்க. எழுவது வயசாச்சி, முட்டி ரெண்டும் தேஞ்சி போச்சி, கையில ஒரு சின்ன தலகாணி, புதுசு, பூப் போட்டது. பிள்ள வருதுல்லண்ணே, நீ ஒண்ணும் பயப்படாத, நா இங்கயே வந்து தங்கி பாத்துக்கிறேன்னா. அந்தத் தலகாணிய பாத்ததுலேருந்துதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சி. ஒனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு ஷாமளா. சின்ன வயசுல லீவுக்கெல்லாம் அத்த வீட்டுல இருப்பேன்னு நீ எல்லார்கிட்டயும் சொல்லுவ. அது லீவு இல்லம்மா. ஒனக்கு மூணரை வயசுல கொண்டு போயி விட்டோம், திரும்பக் கூட்டியாந்தது ரெண்டு வருஷமும் மூணு மாசமும் கழிச்சி.

அப்ப நாம சுங்கை லாலாங் பக்கத்துல ரப்பர் தோட்டத்துல இருந்தோம். வேலைக்குப் போறவங்க பிள்ளைங்கள பாத்துக்கிட்டிருந்த ஆயாம்மா செத்துப் போயி கொட்டகைய மூடிட்டாங்க. நானும் அம்மாவும் விடியறதுக்கு முன்னாடியே பால் வெட்டப் போகணும். ஒன்ன பூட்டி வச்சிட்டுப் போனோம், ஒரு நாளு நீ சன்னல் வழியா எறங்கி தண்ணி ஓடற பெரிய கான் ஓரமா நடந்துக்கிட்டிருந்தியாம், கங்காணி பாத்து தூக்கியாந்தாரு. ராக்காயிக்கு பிள்ள இல்ல, அவ புருஷன் மீன் லோரி ஓட்டிக்கிட்டிருந்தாரு, குடுண்ணே நா வளக்கறேன்னா. மொதல்ல மாசா மாசம் சம்பளம் போட்டதும் வந்து பாத்தோம். நாங்க பஸ்ஸு ஏறுனா நீ ரெண்டு நாளு சோறு திங்காம கத்துவ. அதனால ராக்காயி சொன்னா, நீங்க வந்தாத்தான் அழுவுது, வராட்டி நல்லா இருக்கு, தீபாவளி பொங்கலுக்கு மட்டும் வாங்கன்னு. எல்லாருக்கும் அது நல்ல ரோசனையா பட்டுச்சி. அன்னிக்கும் நாந்தான் சரின்னேன். அம்மாகிட்ட கேக்கக்கூட இல்ல. அழுகைய நிறுத்தணும்னு பாத்தோமே, எதுக்கு அழுவுதுன்னு பாக்கல.

அப்பறம் நெசமாவே நீ அழுகைய நிறுத்திட்ட. அடுத்த தீபாவளிக்கு வந்தா ராக்காயி சீலைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு எட்டிப் பாத்த. அவள அம்மான்னு கூப்புட்ட. பெத்தவள தோட்டத்தம்மான்னு கூப்புட்ட. அம்மாவ நா வாழ்நாளு முழுக்க தோட்டத்தம்மா தோட்டத்தம்மான்னு கிண்டல் பண்ணுவேனே, அது நா வச்ச பேருன்னுதான இத்தன நாளா நெனச்சிக்கிட்டிருக்க? வச்சது நீ. நா அத புடிச்சி தமாசாக்கிட்டேன், கல்யாண வீட்டுல நாலு பேரு முன்னாடி கூப்புடுவேன், எல்லாரும் சிரிப்பாங்க, அவளும் சிரிப்பா. ஒன்ன திரும்பக் கூட்டியாந்தப்பறம் ஒரு வருஷம் நீ அம்மா கையால சோறு வாங்கல, எங்கிட்டதான் வருவ. ராக்காயி ஒரு வருஷம் நம்ம வீட்டு வாசப்படி மிதிக்கல. அவ மேல ஒரு குத்தமும் இல்ல, எறா உரிச்சி உரிச்சி ஊட்டி வளத்தவகிட்டேருந்து ஒரே நாளுல புடுங்கிக்கிட்டு வந்தோம்ல.

அம்மா இத வாயத் தொறந்து பேசினதே இல்ல. கடைசியா ஆஸ்பத்திரியில, நீ வந்து சேர்றதுக்கு மொத நாளு, என்னமோ கஞ்சி வேணுமான்னு கேக்கற மாதிரி சாதாரணமா சொன்னா. ஷாமளாவுக்கு மொத பல்லு விழுந்தத நா பாக்கலங்க, மேல் பல்லா கீழ் பல்லான்னு கூட எனக்குத் தெரியாது, வெக்கமா இருந்துச்சி, ராக்காயிகிட்ட கேக்கலன்னா. அவ்ளோதான் சொன்னா. நா வழக்கம் போல, இப்ப ஒம் பல்லே பாதி இல்ல, அவ பல்லுக்கு என்னாடின்னேன். அவ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. நா அவகிட்ட கடைசியா பண்ண கிண்டல் அதான்.

அதனால ஷாமளா, நா சொன்ன சரிய திருப்பி எடுத்துக்கிறேன். கவிஷாவ இங்க அனுப்பவேணாம். நா பாத்துக்க மாட்டேன். நீ கோவிச்சிக்க, நம்பி இருந்தேனேப்பான்னு அழு, மாப்பிள்ளயும் மாமனாரு வார்த்த மாறிட்டாருன்னு சொல்லட்டும். ராக்காயிகிட்ட நேத்து சொன்னேன். தலகாணிய நெஞ்சோட புடிச்சிக்கிட்டு, ஒனக்கு கல்லு மனசுண்ணேன்னு சொல்லிட்டு பஸ்ஸுக்கு நடந்துட்டா. நா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மோட்டோவுல பின்னாடியே போனேன், ஏறிக்கடின்னா ஏறல. அம்மா போனதுலேருந்து நா மாட்டேன்னு சொன்னது இதான் மொத தடவ. சொன்னதும் ஒண்ணும் பெருசா ஆயிடல, மரத்துப் போனது மரத்துத்தான் இருக்கு. ஆனா சொல்லிட்டேன்.

வேணாம்னு மட்டும் சொல்லிட்டு ஒக்காந்துட்டா நா என்னா அப்பன். ருவேனுக்கு செப்டம்பர்ல பாலர் பள்ளியில எடம் கெடைக்கும்னு சொன்னல்ல. அது வரைக்கும் நா வர்றேன். மூணு மாசம் இருக்கலாம், விசா வேணாம்னு உமாராணி புருஷன் லோகேஸ்வரன் பாத்துச் சொன்னாரு, திங்கக்கிழம பாஸ்போட்டுக்கு காடியில கூட்டிப் போறேன்னாரு. அம்மா படத்துக்கு முன்னாடி வருஷ திதி வரைக்கும் வெளக்கு நிக்காம எரியணும், அதுவும் வீட்டு ஆளுங்கதான் ஏத்தணும், அதுக்குள்ள வீட்ட பூட்டிட்டு கடல் தாண்டுறதான்னு கோயில் ஆளுங்க கேப்பாங்க. கேக்கட்டும். வெளக்கு மூணு மாசம் நிக்கட்டும். இந்தக் காரியத்துக்காக நின்னுச்சின்னா ஒங்கம்மா இராசாத்தி என்ன வைய மாட்டா.

ஆனா ஒண்ணு, முன்ன மாதிரி சிரிச்சி வெளையாடற தாத்தா வருவாருன்னு பிள்ளைங்ககிட்ட ஆச காட்டாத. எனக்கு மனசுல என்னா இருக்குன்னு எனக்கே தெரியல, அங்க வந்தும் செவுத்த பாத்துக்கிட்டு ஒக்காந்தாலும் ஒக்காருவேன். ஆனா கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. மங்கு தட்டு கழுவும், சோறு வடிக்கும், ருவேன் பீத்துணி மாத்தும், நாலு வாட்டி காட்டிக் குடுத்தா கவிஷாவ ஸ்கூல்லேருந்து ரோட்ட தாண்டி கூட்டியாரும். நீ அங்க வெள்ளக்காரக் கெழவங்கள எல்லாம் குளிப்பாட்டி விடறியாம், இந்தக் கெழவன் தானே குளிச்சிப்பான், அந்த வேல ஒனக்கு மிச்சம். மாப்பிள்ளகிட்ட சொல்லு, டிக்கெட்டு இந்தப் பக்கத்துலேருந்து ஒண்ணு எடுத்தா போதும். ராக்காயிக்கு நீயே ஒரு போன் போடு, நா போட்டா எடுக்க மாட்டா. பழைய கத எதையும் கேக்காத, பசியாறியாச்சா அத்தன்னு மட்டும் கேளு.

நீங்க நாலு பேரும் ஒரே கூரைக்குள்ள நல்லபடியா இருக்கணும், நோய் நொடி அண்டக்கூடாது, ஒங்க அம்மா பாத்துக்குவா. மறக்காம ஒண்ணு செய். கவிஷா இப்பவும் வெரல விட்டு எண்ணிக்கிட்டிருக்கோ என்னமோ. ராத்திரி படுக்கப் போடறதுக்குள்ள அதுகிட்ட சொல்லிடு, அது எங்கயும் போகலன்னு.

இப்படிக்கு,
ஒங்க அப்பா,
பி. முனியாண்டி