கஞ்சியில் கரைத்த மாத்திரை

வில்லாபுரம், மதுரை
8.8.1984

மகள் அன்னக்கொடிக்கு அம்மா செல்லத்தாய் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் பிலாயில் சுகமாயிருக்க மீனாட்சி துணை. இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்குக் குணமாகிவிட்டது, லீவு போட்டு வர வேண்டாம் என்று போன மாதம் எழுதினேனே, அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடு. பழங்காநத்தம் டாக்டர் கொடுத்த வீக்கம் வற்றுகிற மாத்திரையில் நாலே நாளில் எழுந்து தானே வேட்டி கட்டிக் கடைக்கு நடந்தார், எல்லாம் கருப்பசாமி செயல் என்று கிடா வெட்டிச் சோறு போட்டேன். குணமாச்சென்று மாத்திரையை நிறுத்தியதும் பழையபடி கால் இழுத்தது. மெட்ராசுக்குப் போய்த் தலையைப் படம் எடுத்து வந்தோம். இங்கே பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, இது மூளைக்குள்ளேயே வருகிற லிம்போமாவாக இருக்கலாம், புற்றுநோயில் அபூர்வமானது, சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதி என்றார். அந்த மாத்திரைக்குக் கட்டி கரைந்து ஒளிந்துகொள்ளும், ஆனால் போகாது, சதை எடுக்கும்வரை ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள் என்று என்னிடமும் உன் சித்தப்பா மருதுவிடமும் படித்துப் படித்துச் சொன்னார்.

டாக்டர் அப்படிச் சொன்ன எட்டாம் நாள் உன் அப்பா என்னைப் பார்த்து, நீங்க யாரு தாயி, வீட்டுக்குப் போகலையா என்றார். முப்பத்தொரு வருசத்தில் என்னை ஒருதரம் நீங்க என்று சொன்னதில்லை அந்த மனுசன். தாங்க முடியாமல், டப்பாவில் மிச்சமிருந்த மாத்திரையை யாருக்கும் தெரியாமல் கஞ்சியில் கரைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள், ஏ செல்லத்தாயி எம்புட்டு நேரமாக் கூப்புடுறேன் என்று வைதார். எனக்கு அது போதுமென்று இருந்தது. அப்புறம் மண்டையில் துளை போட்டு எடுத்த சதையில் ஒன்றும் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. யார் மாத்திரை கொடுத்தது என்று டாக்டர் கேட்டார், நான்தான் என்றேன். அவர் ஏசவில்லை. திரும்ப வளரட்டும்மா, இன்னொரு துளை போடணும் என்றார். மருது என்னோடு பேசுவதில்லை, அது நியாயம்தான். உனக்கும் கோபம் வரும், பட்டுக்கொள்கிறேன்.

பத்தொன்பதாம் தேதி மறுபடி சதை எடுக்கிறார்கள். எடுத்த கையோடு அதே மாத்திரை, பிறகு தலைக்குக் கரண்டு வைப்பார்கள், கதிர் வைத்தியமாம். அதற்குமேல் எத்தனை மாதம் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இப்போதே ஓடி வராதே, வந்தால் உன்னை யாரென்று கேட்பார். இருபத்தைந்தாம் தேதி வாக்கில் பேரனோடு வந்து சேர். அந்தச் சில நாள் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் முன்னால் அழாதே. மாத்திரை டப்பாவை நானே மருதுவிடம் கொடுத்துவிட்டேன். இன்று காலை மறுபடியும் என்னை நீங்க என்றார். வெறும் கஞ்சிதான் கொடுத்தேன்.

மூன்று பேரும் தீர்க்காயுசாக இருங்கள்.

உன் அம்மா,
கா. செல்லத்தாய்